எலிகளுக்கு இடமாற்றம்

என் கணவர் சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்ற மறுநாளே எங்கள் வீட்டில் சட்டம் ஒழுங்கு கெட்டுப்போனது. ஸ்டேஷனில் அவர் பூட்ஸ் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றவர்கள் உண்டு. வீட்டில் இருப்பது நான் ஒருத்தி. நானும் எழுந்து நிற்பதில்லை. விடிவதற்குள் எழுந்து, ஷேவ் செய்து, தலைவாரி, போக இடமில்லாமல் என் அடுப்படியில் வந்து நிற்பார். சாம்பாருக்கு இவ்வளவு பருப்பு எதற்கு என்று விசாரணை தொடங்கும்.

சென்னையில் இருக்கும் மகளிடம் இதைச் சொல்லி அலுத்துக்கொண்டேன். அப்போது அவளுக்கு மூன்றாம் மாதம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருவாள், பேரப்பிள்ளையை முதலில் நான்தான் தூக்குவேன் என்ற ஒரே நினைப்பில்தான் நான் அவருடைய விசாரணைகளைப் பொறுத்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று அவள் ஆன்லைனில் ஒன்றை வாங்கி அனுப்பினாள். உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாய். அதில் தானியத்தைக் கொட்டி மரத்தில் தொங்கவிட வேண்டும். பறவைகள் உட்கார்ந்து கொத்துவதற்குக் குச்சிகள் செருகியிருந்தன.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, வயலை மனை போட்டு விற்ற இடத்தில் எங்கள் வீடு. பின்சுவரைத் தாண்டினால் விற்காமல் மிஞ்சிய வயல், அதற்கப்பால் மலை. மலை முழுக்கப் பழமும் பூச்சியும் இருக்கும்போது எந்தப் பறவை இந்தக் குழாயைத் தேடி வரும் என்று கேட்டேன். அவர் கொய்யா மரத்தில் அதைக் கட்டிவிட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குற்றாலத்தில் வி.ஐ.பி. குளிக்க வரும்போது அவர் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.

முதலில் அணில் வந்தது, பிறகு காக்கை. கடைசியில் சில்லைக் குருவிகள் கூட்டமாக வந்து இறங்கின. அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவை சாப்பிடும் லட்சணத்தைப் பார்க்க வேண்டும். ஒன்றைத் தின்றால் பத்தைக் கீழே தள்ளும், கல்யாணப் பந்தியில் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு பாதியில் எழுந்து போகிறவர்களைப் போல. கீழே விழுந்த கம்பும் தினையும் சாரலில் நனைந்து முளைவிட்டு, என் துளசித் தொட்டிக்குள் கம்பம்பயிர் வளர்ந்தது. முளைக்காததைத் தின்ன வயலிலிருந்து எலிகள் வந்தன. வெள்ளம் அதிகமென்று அருவியில் குளிக்கத் தடை போட்ட நாட்களில், பஜ்ஜியும் முறுக்கும் கொடுக்க ஆளில்லாமல் குரங்குகளும் வந்தன. அவை குழாயின் மூடியைத் திருகித் திறக்கப் படித்திருந்தன. விரட்டப் போன என் மேலேயே மூடியை எறிந்தது ஒன்று. அதற்கும் வயிறு இருக்கிறதே என்று அதற்காக வாதாடினார் இவர்.

சாயங்காலம் ஆபீஸ் முடிந்ததும் மகள் வீடியோவில் கூப்பிடுவாள். இன்று யார் யார் வந்தார்கள் என்று கேட்பாள், இவர் போனை மரத்துக்கு நேராகப் பிடித்து ஆஜர் சொல்லுவார். நான் தடுக்கவில்லை. அவள் வளர்ந்த காலமெல்லாம் இவருக்குப் பந்தோபஸ்து. சீசன், கோயில் திருவிழா, தேர்தல் என்று ஊருக்கெல்லாம் காவல் நின்றவரிடம் மகள் எந்த வகுப்பு என்று கேட்டால் திரும்பி என் முகத்தைப் பார்ப்பார். இப்போதாவது பேசுகிறார்களே, குருவியைப் பற்றித்தான் பேசினால் என்ன என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் எலி அடுப்படிக்குள் வந்து தேங்காய் மூடியைக் குதறியது. கம்பிக்கூட்டுப் பொறி வாங்கி வந்தார். மசால்வடை வைத்ததும் எலி மாட்டியது. ஆனால் அடிக்கமாட்டாராம். பிள்ளையார் வாகனமாம், ரிடையர் ஆன வயதில் பாவம் எதற்காம். பணியில் இருந்தபோது இரண்டு கால் எலிகளிடம் இந்தக் கருணையைக் காட்டினாரா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. பொறியைத் துண்டால் மூடி, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் வைத்து, எங்களுடையதைப் போலவே மனை போட்ட அடுத்த நகரின் பின்னால் ஓடுகிற கால்வாய்க்கரையில் திறந்துவிட்டு வந்தார். வழியில் கும்பிட்டவர்களுக்குப் பதில் கும்பிடு போட்டபடியே போவார். கைதியைக் கொண்டுபோகிற மிடுக்கில் ஒரு குறையும் இல்லை.

எத்தனை பிடித்தும் எலி குறையவில்லை. காரணம் ஒருநாள் காலையில் தெரிந்தது. பொறியோடு பின்வாசலை விட்டு இறங்கியவர், எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் வயல்வரப்பில் ஒருவர் குனிந்து நிற்பதைப் பார்த்திருக்கிறார். அடுத்த நகரில் குடியிருக்கும் ரிடையர்டு மிலிட்டரிக்காரர். கையில் செய்தித்தாள் சுற்றிய பொறி. தன் வீட்டில் பிடிப்பதை அவர் எங்கள் வீட்டுப் பின்னால் கொண்டுவந்து விட, எங்கள் வீட்டில் பிடிப்பதை இவர் அவர் வீட்டுப் பின்னால் விட்டிருக்கிறார். இரண்டு பேரும் தேசத்துக்குச் சேவை செய்தவர்கள். இதற்கு மேலாவது அடித்துப் போடுவார்கள் என்று பார்த்தால், வீட்டுக்குள் வந்து காப்பி குடித்தபடி, இனி செங்கோட்டையைத் தாண்டிக் கொண்டுபோய் விடுவதென்று முடிவு செய்தார்கள்.

"கேரளாவுக்குள்ள போயிட்டா நம்ம லிமிட்டுல வராதுல்லா" என்றார் இவர். பிணம் எந்த ஸ்டேஷன் எல்லையில் கிடக்கிறது என்று வழக்காடியே சர்வீசை முடித்தவர் வேறு எப்படி யோசிப்பார்.

அவர்கள் செங்கோட்டைக்குக் கிளம்புவதற்குள் எலியைத் தேடிச் சாரைப்பாம்பு வந்துவிட்டது. விஷமில்லாததுதான், ஆனால் துணி காயப்போடுகிற கொடி அளவுக்கு நீளம். தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்து பிடித்துச் சாக்கில் போட்டார்கள். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டாள். அது ஊரெல்லாம் சுற்றிக் கீழப்பாவூரில் இருக்கும் என் சம்பந்தியம்மாவின் போனில் போய் நின்றது. மறுநாள் காலையிலேயே கூப்பிட்டார்.

"மதினி, தப்பா நெனைக்காதீங்க. எலியும் பாம்பும் கெடக்க எடத்துல பச்சப்பிள்ளய எப்படி வைக்க? பேறுகாலம் இங்கனயே இருக்கட்டும். எங்க வீட்டுல எறும்புகூட ஏறாது."

எறும்பு ஏறாது, நிஜம்தான். வாசல் முதல் பின்சுவர் வரை டைல்ஸ், மருந்துக்கு ஒரு மரம் கிடையாது. முதல் பேறுகாலம் தாய்வீட்டில் என்பது எங்கள் பக்கத்து வழக்கம், என் உரிமை என்று சண்டை போட்டிருப்பேன். ஆனால் பாம்பின் வீடியோ எல்லார் கையிலும் இருக்கும்போது எந்த வாயால் பேசுவது?

அன்றைக்கு அவரை நான் திட்டியது தெருவுக்கே கேட்டிருக்கும். குழாயைக் கழற்றிக் குப்பையில் போட்டார். தோட்டத்தைக் கூட்டினார், பொந்துகளைச் சிமெண்ட் வைத்து அடைத்தார், மிச்ச எலிகளுக்குப் பொறி வைத்தார். நான் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துச் சம்பந்தியம்மாவுக்கு அனுப்பினேன். பார்த்தாரே தவிரப் பதில் போடவில்லை. சாயங்காலம் ஆனால் போதும், இவர் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார். கரண்டு கம்பியில் உட்காருகிற குருவிகளைக் காட்டுகிறாராக்கும் என்று பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. பிள்ளை கைவிட்டுப் போகிறாள், இந்த மனுஷனுக்கு இன்னும் குருவி.

கொஞ்ச நாள் கழித்து, சம்பந்தி வீட்டுக்கு மங்குஸ்தான் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். பேசிப் பார்க்கத்தான் போகிறார் என்று நானே நல்ல பழமாகப் பொறுக்கிப் பை நிறையக் கட்டிக்கொடுத்தேன். திரும்பி வந்தவரிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"காப்பி குடுத்தாவ. வீட்டச் சுத்திக் காட்டுனாவ" என்றார். அவ்வளவுதான்.

மறுவாரம் சம்பந்தியம்மாவே கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. ஃபிரிட்ஜ் வயரை எலி கடித்துவிட்டதாம். பீரோவுக்குள் புகுந்து பட்டுச்சேலையின் முந்தியைக் குதறிவிட்டதாம். என்ன வைத்தும் அகப்படவில்லையாம். உங்கள் வீட்டில் இப்போது ஒன்றுமில்லை என்கிறார்களே, பிள்ளையை நீங்களே கூட்டிப்போய்விடுங்கள் மதினி என்றார். முந்தி கிழிந்த சேலைக்காக நான் உருகி உருகி வருத்தப்பட்டேன். போனை வைத்துவிட்டுத்தான் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் ஏதோ உறைத்தது. இவர் பேப்பரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"மங்குஸ்தான் பைக்கு அடியில என்ன கொண்டுபோனீங்க?"

"ரெண்டு பேருக்கு டிரான்ஸ்ஃபர்" என்றார் பேப்பரை இறக்காமல். "ஸ்டோர் ரூம் தொறந்து கெடந்துச்சு."

ஒன்றுமில்லாத வீட்டில் ஒன்றை வைத்துவிட்டு, பிறகு சோதனை போட்டு எடுக்கிற வேலையைத் தன் சர்வீசில் செய்ததே இல்லை என்று சத்தியம் செய்கிறவர். திட்ட வாய் வரவில்லை. அந்தப் பட்டுச்சேலையை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ரொம்ப நேரம் இல்லை.

உடனே மகளைக் கூப்பிட்டேன். எலிக்கதையை மறைத்து, உன் மாமியார் மனசு மாறிவிட்டார், நீ இங்கேயே வரலாம் என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்புமாகச் சத்தம் வந்தது.

"அப்பா சொன்னபடியே முடிச்சிட்டாங்களா?"

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "அத்தை வேண்டாம்னு சொன்ன அன்னைக்கே அப்பாகிட்ட அழுதேம்மா, எனக்கு நம்ம வீட்டுக்குத்தான் வரணும்னு. தெனமும் அதத்தான் பேசுதோம். நான் பாத்துக்கிடுதேன், அழாதன்னாங்க."

"எங்கிட்ட ஏம்ட்டி சொல்லல?"

"உங்கிட்ட சொன்னா நீ நேரா அத்தைகிட்ட சண்டைக்குப் போயிருவ. அப்பான்னா நிதானமாக் கேப்பாங்க."

காய்ச்சல் என்றாலும் பரீட்சையில் தோற்றாலும் என் மடியில் வந்து விழுந்த பிள்ளை. பிறந்த வீட்டுக்கு வரவேண்டும் என்று அவள் அழுதது எனக்குத் தெரியவில்லை. அவள் வருகிறாள் என்று சந்தோஷம்தான். ஆனாலும் வயிறு எரிந்தது, அதை மறைப்பதற்கில்லை.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவர், "என்ன சொல்லுதா?" என்று கேட்டார்.

"நீங்களே கேட்டுக்கிடுங்க" என்று போனை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போனேன்.