குதிரை திருடிய பாயிண்ட்ஸ்மேன்

சனிக்கிழமை சாயந்தரம் நாலரை மணிக்கு, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியின் பக்கத்தில் முழங்கால் பதித்து, நடுவிலுள்ள துவாரப் பலகைக்கு வாயைக் கொடுத்து, “ஐ ஸ்டோல் எ ஹார்ஸ், ஃபாதர்” என்கிறார் மரியசூசை.

பலகைக்கு அந்தப் பக்கம் அருளானந்தர் சாமியார் ஒரு நெடுமூச்சு விடுகிறார். போன வாரம்தான் இதே மனிதர் ஒரு ராஜாவைக் கொன்றுவிட்டு வந்து நின்றார்.

மரியசூசை குதிரை திருடியவரல்ல. ராஜாவைக் காசில்தான் பார்த்திருக்கிறார். அரியலூர் ஸ்டேஷனில் பதினாலு வருஷமாகப் பாயிண்ட்ஸ்மேன். ரயில் வரும்போது தண்டவாளத்தைத் திருப்பிவிடுகிற வேலை. அவர் மனமறிந்து செய்கிற பாவமெல்லாம், கூட்ஸ் வண்டியில் ஏற்றுவதற்குக் கிடக்கும் கடலை மூட்டைகளில் விரலை விட்டு நாலு மல்லாட்டையை உருவி வாயில் போட்டுக்கொள்வதுதான். மல்லாட்டைக்கு அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அவரிடம் இருக்கிற அட்டை கிழிந்த பாடப் புத்தகத்தில் குதிரை இருக்கிறது, ராஜா இருக்கிறார், கிணற்றில் விழுந்த நரி இருக்கிறது. கைவசமுள்ள வார்த்தைக்குத் தக்கபடி பாவம் செய்துகொள்கிறார்.

“குதிரையத் திருப்பிக் குடுத்தியா?” என்று சாமியார் தமிழில் கேட்கிறார். திருடின பொருளைத் திருப்பித் தராமல் மன்னிப்பு கிடையாது.

“குதிரையே இல்லீங்களே சாமி.”

“அப்ப பொய் சொல்லியிருக்க. அதுக்குத் தனியா ஜெபமாலைய உருட்டி அம்பத்திமூணு மணி ஜெபம். அதான் உனக்கு அபராதம்.”

“அபராதம் எவ்வளவு வேணா போடுங்க. பாவத்தக் கூட அப்புறம் மன்னிச்சுக்கலாம். மொதல்ல இங்கிலீசுல இருக்கிற தப்பச் சொல்லுங்க சாமி.”

கண்டியில் படித்துவிட்டு வந்த சாமியாருக்கும் இங்கிலீஷ் இந்தப் பக்கத்தில் பேச ஆளில்லாமல் துருப்பிடித்துத்தான் கிடந்தது. அதனால் கோபத்தோடு கோபமாகத் திருத்தியும் விடுவார்.

இத்தனை பாடும் ஒரு பரீட்சைக்காக. பாயிண்ட்ஸ்மேன் டிக்கட் கலெக்டராக வேண்டுமானால், திருச்சிக்குப் போய் ஒரு துரைக்கு எதிரே நின்று பத்து நிமிஷம் இங்கிலீஷில் பேசிக் காட்ட வேண்டும். மூன்று தடவைதான் விடுவார்கள். முதல் தடவை மரியசூசை பதினோரு கேள்விக்கும் “எஸ் சார்” என்றார். இரண்டாம் தடவை அதுவும் வரவில்லை. “தொர நம்ம மூஞ்சியப் பாத்தாருன்னா, நாக்கு மெயின் லைன விட்டு லூப் லைன்ல போயி நின்னுக்குதுங்க” என்பது அவர் வாக்குமூலம்.

முகம் தெரியாமல் பேசினால் வருமோ என்று பார்த்தார். பாவசங்கீர்த்தனத்தில் வந்தது. சாமியாருக்கு இவர் முகம் தெரியாது. எதைக் கேட்டாலும் வெளியே சொல்லவும் அவருக்கு அனுமதி இல்லை. “நம்ம இங்கிலீசு அந்தப் பலகையத் தாண்டி வராது. ஊரு சிரிக்காது” என்று கண்டுபிடித்த நாளில், வீட்டில் ஒரு சேவல் உயிரை விட்டது.

ஊர் சிரிக்கவில்லை, சந்தேகப்பட்டது. கோயிலில் முறைக்குக் காத்திருந்து கால் மரத்துப்போன பெண்கள் வேறென்ன செய்வார்கள்?

“ஏன்டி லீலா, ஒன் வூட்டுக்காரரு வாராவாரம் அரை மணி நேரம் முட்டிபோட்டுக் கெடக்காரே, அப்படி என்னாதான் செஞ்சாரு?” என்று கிணற்றடியில் கேட்டாள் பாத்திமா மேரி.

“இந்த வாரம் குதிரை திருடுனாராம்” என்றாள் லீலா மேரி, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே. “போன வாரம் கொலை. அடுத்த வாரம் ஒங்க வூட்டுக்குத்தான் வருவாரு, கதவச் சாத்திக்க.”

வாய் இப்படிப் பேசினாலும் அவள் மனம் கிடந்து தவித்தது அவளுக்குத்தான் தெரியும். போன ஐப்பசி அடைமழையில் நனைந்தபடியே பாயிண்ட் போட்டுவிட்டு வந்தவர், நெஞ்சில் சளி கட்டி இருபது நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தார். இன்னொரு மழைக்காலத்தை இந்த நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். “பாஸாயிட்டு வாங்க. கறுப்புக் கோட்டெல்லாம் யாருக்கு வேணும்? கூரைக்கு அடியில நிக்கிற வேலை, அது போதும்” என்று அவள் சொன்னபோது, மரியசூசை புத்தகத்தில் நரியைத் தேடுவதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார்.

யுத்தம் முடிந்து பட்டாள ஸ்பெஷல் ரயில்கள் நின்றுபோன மறு வருஷம், ஆனி மாதத்தில் மூன்றாவது அழைப்பு வந்தது.

திருச்சியில் துரை கண்ணாடி வழியாக நிமிர்ந்து பார்த்து, “வாட் இஸ் யுவர் ஒர்க்?” என்று கேட்டார். நாக்கு லூப் லைனுக்குப் போய்விட்டது. துரை இன்னொரு முறை கேட்டார். பிறகு, காகிதத்தில் எழுதுவதற்காகப் பேனாவைத் திறந்தார்.

மரியசூசைக்கு லீலா மேரியின் முகம் கண்முன் வந்தது. விறுவிறுவென்று மேசையைச் சுற்றிப் போனார். துரையின் நாற்காலிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு, துரையின் காதுக்கு நேராக, “ஐ ஆம் பாயிண்ட்ஸ்மேன், ஃபாதர்” என்றார்.

லைன் கிளியர் ஆகிவிட்டது. பாயிண்ட் போடுவது, விளக்குக் காட்டுவது, கைகாட்டி இறக்குவது எல்லாம் தட்டுத் தடங்கலில்லாமல் வந்தன. துரை பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டார். ஆனால் அந்த நிலையில் முட்டிபோட்டுப் பழகிய வாய், வேலையைச் சொன்னதோடு நிற்குமா? மேலே, பாவத்துக்குப் போய்விட்டது.

போன கார்த்திகை மாதம் ஒரு விடியற்காலை, மரியசூசை புத்தகத்தில் மூழ்கிக் கைகாட்டியை இறக்க மறந்தார். கூட்ஸ் வண்டி ஊருக்கு வெளியே, அவுட்டரிலேயே இருபது நிமிஷம் கூவிக்கொண்டு நின்றது. கைகாட்டிக் கம்பி மாட்டிக்கொண்டதென்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் பொய் சொல்லித் தப்பினார். இதை அவர் சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை. வார்த்தை இல்லாமல் அல்ல. சிக்னல், கூட்ஸ், அவுட்டர், லேட் எல்லாம் வேலைக்குச் சேர்ந்த அன்றே வந்த வார்த்தைகள். தைரியம்தான் வரவில்லை. இன்றைக்கு எல்லாம் வந்துவிட்டது.

“ட்வென்டி மினிட்ஸ்?” என்றார் துரை, மெல்ல.

“எஸ், ஃபாதர்.”

“எனிபடி ஹர்ட்?”

“நோ, ஃபாதர். ஒன்லி லேட். அண்ட் ஒன் லை.”

துரை காகிதத்தை இழுத்து, ‘பாஸ்’ என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார். கூட்ஸைப் பற்றி ஓர் எழுத்தும் எழுதவில்லை. காகிதத்தை மரியசூசைக்குத் தெரியும்படி நீட்டி, “யூ மே கோ” என்றார்.

மரியசூசை காகிதத்தைப் பார்க்கவுமில்லை, எழுந்திருக்கவுமில்லை. கைகூப்பித் தலையைக் குனிந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அபராதத்துக்காகக் காத்திருந்தார்.