கரண்ட் போகாத ஞாயிற்றுக்கிழமை

உனக்கு ஏன் இந்த விடுப்புக் கேட்கிற பழக்கம்? பள்ளிக்கூடப் பாடத்தைப் படி என்றால் கொட்டாவி வருகிறது. "அம்மாவைப் பொலிஸ் பிடிச்சதாமே, ஏன் பூட்டி?" என்று கேட்க மட்டும் போன் முழுக்க முகத்தை வைத்துக்கொண்டு வந்து நிற்கிறாய். போன கிழமை கேட்டாய், இருமல் என்றேன். நேற்றுக் கேட்டாய், அடுப்பில் பால் என்றேன். என் வீட்டில் பால் வாங்கி வருடக்கணக்காகிறது. பெற்றவளிடம் கேள் என்றால், அவள் ஒவ்வொரு முறையும் கதையை மாற்றுகிறாள் என்கிறாய். மாற்றுவாள்தான். அவள் என்னைக் காப்பாற்றுகிறாள்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். இந்தக் கடிதத்தை உன் அம்மாவே உனக்கு வாசித்துக் காட்டட்டும்.

அது சண்டைக் காலம். என் மகளும் மருமகனும், அதாவது உன் அம்மாவைப் பெற்றவர்கள், யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். பாதை பூட்டு. உன் அம்மா கம்பஸில், இஞ்சினியர் படிப்பில் கடைசி வருடம். வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில், மேல்மாடியில் என்னோடு இருந்தாள். ஒரு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி. ரயில் போனால் தட்டில் கோப்பைகள் ஆடும்.

கீழ்வீட்டில் ஒரு முஸ்லிம் பெண். புருஷனுக்குப் புறக்கோட்டையில் துணிக்கடை. அவளுக்கும் எனக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. ஒழுங்கைக்குள் பொலிஸ் செக்கிங் வந்தால் தும்புத்தடியால் தன் வீட்டுச் சீலிங்கில் இரண்டு இடி இடிப்பாள். அது கேட்டதும் நான் ரேடியோ, ஃபேன், மிக்சி எல்லாவற்றையும் அணைத்து, பிளக்கையும் கழற்றிவிடுவேன். எங்கள் ஒழுங்கையில் தமிழ் வீடுகள் எல்லாம் அப்படித்தான். வருகிறவர்கள் சிங்களத்தில் கேட்பார்கள். ஒரு சொல் காதில் விழாமல் போனாலும் பிழை சொன்னது நாங்கள்தான். ஆகவே வீட்டைச் செத்த வீடு மாதிரி ஆக்கிவிட்டு, அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் கையில் பிடித்துக்கொண்டு, அவர்கள் தட்டும் முன்னமே கதவடியில் நிற்பேன்.

அந்த வருடம் உன் அம்மா கம்பஸிலிருந்து ஒரு பச்சை அட்டையைக் கொண்டுவந்தாள். அதில் வயர்கள், நடுவில் கறுப்பாகச் சதுரமாக ஒரு சிப். அதற்கு இங்கிலீஷில் நாலு எழுத்துப் பெயர் ஒன்று உண்டு. என் வாயில் அது நிற்கவேயில்லை.

"இது என்ன பிள்ளை, ரேடியோவின்ர குடலோ?"

"அம்மம்மா, இந்தச் சிப்புக்கெண்டு ஒரு வேலையும் இல்லை. நாங்கள் சொல்லிக் குடுத்தா அந்த வேலைக்கெண்டே செய்த சாமானா மாறும். நாளைக்கு வேற சொல்லிக் குடுத்தா வேற சாமான்."

"அப்ப கொழும்புத் தமிழன் எண்டு சொல்லு."

சிரித்தாள். அந்த நாட்களில் நான் என்ன சொன்னாலும் சிரிப்பாள்.

எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் தண்டவாளம். கேட் இல்லை. குளிக்கப் போகிறவன், மீன் வாங்கப் போகிறவள், குடைக்குள் முகம் புதைத்துக் காதலிக்கப் போகிறவர்கள், எல்லோரும் அதைத்தான் கடப்பார்கள். அவ்வப்போது யாரையாவது ரயில் அடிக்கும். தண்டவாளத்தில் ஆள் கால் வைத்த கணத்திலேயே கமரா கண்டு மணியடிக்க வேண்டும். அதுதான் உன் அம்மா செய்துகொண்டிருந்த சாமான்.

"அதுக்கு ஒரு கம்ப்யூட்டர் போதாதே?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர் நீங்கள் தனியச் சமைக்கிற மாதிரி அம்மம்மா. தேங்காய் துருவி, பிறகு பிழிஞ்சு, பிறகு அடுப்பு மூட்டி. அது படத்தைப் பாத்து முடிக்க ரயில் தெஹிவளைக்குப் போயிடும். இது கலியாண வீட்டுக் குசினி. ஒரு ஆள் துருவ, ஒரு ஆள் பிழிய, ஒரு ஆள் கிண்ட, எல்லாம் ஒரே நேரத்தில."

கமராவை யன்னலில் வைத்து உண்மையான தண்டவாளத்தையே பார்க்க விடுவோம் என்றாள். நான் விடவில்லை. தண்டவாளத்தைப் படமெடுக்கும் தமிழ்ப் பெட்டைக்கு என்ன நடக்கும் என்று சொல்லிக் கொடுக்க எனக்குக் கம்பஸ் தேவையில்லை. ஆகவே விறாந்தையில் கறுப்பு டேப்பால் இரண்டு கோடு ஒட்டினாள். அதுதான் தண்டவாளம். கடக்கிற சனம் நான்.

"ஓம், இன்னும் மெதுவா நடவுங்கோ. இனி மீன் பையோட வாங்கோ. இப்ப குடையோட."

மேசையில் ஒரு குட்டி டீவி. அதில் நான் நடப்பேன். கண் மூக்கு ஒன்றும் தெரியாது. கறுப்புக்குள் வெள்ளைக் கோடாக என் ஓரங்கள் மட்டும். நான் கையைத் தூக்கினால் அதே நேரத்தில் கோடும் தூக்கும், ஒரு இமைப்புக்கூடப் பிந்தாது.

"இந்த வயசில எனக்கு இடுப்பு இருக்கெண்டு இண்டைக்குத்தான் தெரியுது," என்றேன். டேப்பை மிதித்தேன். மணியடித்தது, சிவப்பு பல்ப் எரிந்தது. உன் அம்மா சந்தோசத்தில் என் கன்னத்தைக் கிள்ளினாள்.

செவ்வாய்க்கிழமை அதைக் கம்பஸில் பரீட்சகர்கள் முன் காட்ட வேண்டும். அதோடு படிப்பு முடிகிறது. சனிக்கிழமை கூடப் படிக்கிற சிங்களப் பையன் ஒருவன் லப்டொப்போடு வந்து, செய்ய வேண்டிய வேலையைக் கடைசித் தடவையாகச் சிப்புக்குள் ஏற்றிவிட்டு லப்டொப்பைக் கொண்டுபோனான். எங்களிடம் கம்ப்யூட்டர் இல்லை. காலை வெயிலிலும் பின்னேர மங்கலிலும் மணி சரியாக அடிக்கிறதா என்று இரண்டு நாள் ஓட விட்டுப் பார்ப்பது அவள் திட்டம்.

அந்தச் சிப்பில் ஒரு குறை இருந்தது. கரண்ட் நின்றால் படித்ததெல்லாம் மறந்துவிடும். ஒரு நொடி நின்றாலே போதும், கடையிலிருந்து வந்த அன்று மாதிரி வெறுமையாகிவிடும். பிறகு கம்ப்யூட்டரால் திரும்ப ஏற்ற வேண்டும். இதை எனக்கு விளங்கப்படுத்தினாள். விளங்கப்படுத்தியது போதாதென்று பிளக்குக்கு மேல் ஒரு தாளும் ஒட்டினாள். 'தொட வேண்டாம்'. எனக்காகத்தான் அவ்வளவு பெரிய எழுத்து.

அந்தச் சனிக்கிழமையே நகரத்தில் எங்கோ ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்தது. மறுநாள் வெள்ளவத்தைக்கு வருவார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிறு காலை பத்து மணி இருக்கும். உன் அம்மா தலை முழுகிக்கொண்டிருந்தாள். நான் சொதிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து இரண்டு இடி கேட்டது.

ரேடியோவை அணைத்தேன். ஃபேனை அணைத்தேன். குசினிப் பிளக்குகளைக் கழற்றினேன். விறாந்தைக்கு வந்தேன். அந்தத் தாளை நான் பார்க்கவில்லை என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். பார்த்தேன். வாசிக்கவும் வாசித்தேன். படியில் சப்பாத்துச் சத்தம் ஏறியது. வருகிறவன் டேப்பை மிதிப்பான், மணியடிக்கும், அவன் திடுக்கிடுவான், கையில் துவக்கு இருக்கும். எனக்கு அதற்கு மேல் யோசனை போகவில்லை. சிப் மறந்துவிடும் என்பது தெரியும். அந்த நேரத்தில் மறப்பதுதான் நல்லது என்று நினைத்தேன். பிடுங்கினேன்.

ஒரு அதிகாரி, ஒரு பெண் பொலிஸ், துவக்கோடு இரண்டு பேர். அடையாள அட்டை சரி. பதிவுத் துண்டு சரி. உன் அம்மா தலையில் துவாயோடு ஓடி வந்தாள். அதிகாரி திரும்பிப் போகத்தான் இருந்தான். அப்போதுதான் மேசையைக் கண்டான்.

"மேக்க மொகக்த?" என்றான். இது என்ன என்று அர்த்தம். மிச்சமும் சிங்களத்தில்தான் கதைத்தார்கள், உனக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

உன் அம்மா நல்ல சிங்களத்தில் சொன்னாள். கம்பஸ் வேலை, ரயில் பாதையில் ஆள் வந்தால் கண்டுபிடித்து மணியடிக்கும். ரயில் என்ற சொல் வந்ததும் அதிகாரியின் முகம் மாறியது. வயர், கமரா, மணி, சிவப்பு பல்ப், தரையில் ஒட்டிய கோடு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"சரி மகள், போட்டுக் காட்டு. மணி அடிச்சா நாங்க போறோம்."

அவள் சந்தோசமாகத் திரும்பினாள். குட்டி டீவி கறுப்பாக இருந்தது. பிளக் தரையில் கிடந்தது. அவள் பிளக்கைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் வெங்காயக் கையைச் சேலையில் துடைத்தேன்.

"இப்ப காட்ட ஏலாது சேர். அது மறந்திட்டுது."

"மறந்திட்டுதா?"

"கரண்ட் நிண்டா மறந்திடும். கம்ப்யூட்டரால திரும்பப் போடவேணும்."

"கம்ப்யூட்டர் எங்க?"

"சிநேகிதனிட்ட."

அவனுக்கு போன் எடுத்தாள். மணி போனது, அவன் எடுக்கவில்லை. இரண்டாம் தரமும் எடுக்கவில்லை.

"நாங்க படியேறி வர முந்தி வேலை செஞ்சது, வந்த உடனே மறந்திட்டுது," என்றான் அதிகாரி. கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். "யார் நிப்பாட்டினது?"

எனக்குச் சந்தைச் சிங்களம் போதுமான அளவு தெரியும். 'மம' என்றால் 'நான்'. ஒரு சொல். மீன்காரனோடு அரை மணித்தியாலம் பேரம் பேசுகிற வாயில் அந்த ஒரு சொல் வரவில்லை. அதற்குப் பதிலாக, "மாத்தையா பிளேன்டீ குடிக்கிறீங்களா?" என்று இளித்தேன். அவன் என் பக்கம் திரும்பவேயில்லை.

"நான்தான் நிப்பாட்டினனான்," என்றாள் உன் அம்மா.

பெண் பொலிஸ் அவளைத் தலை துவட்ட விட்டாள். அட்டை, கமரா, மணி, பல்ப் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டார்கள். அவளையும் கூட்டிக்கொண்டு இறங்கினார்கள். பின்னால் ஓடினேன். ஜீப்புக்குள் இருந்து, "அம்மம்மா, சுகர்க் குளிசையைப் போடுங்கோ," என்று மட்டும் சொன்னாள்.

பதினொரு நாள். ஒவ்வொரு நாளும் காலையில் இடியப்பப் பார்சலோடு பொலிஸ் நிலைய மர வாங்கில் போய் இருப்பேன். நாளைக்கு வா என்பார்கள். சில நாள் பார்சலை வாங்குவார்கள், சில நாள் அதுவும் இல்லை. லப்டொப் பையன் விசயம் கேட்டு அழுதுகொண்டு வந்தான். அவனையும் இருத்தி விசாரித்துவிட்டு அனுப்பினார்கள். கம்பஸிலிருந்து ஒரு சிங்களப் பேராசிரியர் கடிதத்தோடு வந்தார். அட்டையைத் தாருங்கள், ஒரு நிமிடத்தில் ஓட்டிக் காட்டுகிறேன் என்றார். அட்டை அங்கே இல்லை, எங்கேயோ பரிசோதனைக்குப் போயிருந்தது. அந்த வாங்கில் ஒவ்வொரு நாளும் நான் உள்ளே போய் 'மம' என்று சொல்லலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் இடியப்பம் ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் விட்டார்கள். அட்டையும் கூடவே வந்தது. நடுவில் சிப் இருந்த இடம் சதுரமாக வெறுமையாக இருந்தது. கழற்றிப் பார்த்தவர்கள் திரும்பப் பூட்டவில்லை. செவ்வாய்க்கிழமை எப்போதோ போய்விட்டது. அடுத்த வருடம் திரும்பச் செய்யலாம் என்று கம்பஸில் சொன்னார்கள். அவள் திரும்ப அந்த வாசலுக்குப் போகவில்லை. பிறகு கலியாணம், பிறகு வெளிநாடு. இப்போது நீ காண்கிற உன் அம்மா, கடையில் பொதி கட்டுகிறவள், அப்படித்தான் வந்தாள்.

வந்த அன்று சோறு போட்டுக் கொடுத்தேன். சாப்பிடவில்லை.

"ஏன் பிள்ளை நீ நிப்பாட்டினனான் எண்டு சொன்னனீ?"

"உங்களைக் கொண்டு போயிருப்பினம். உங்களுக்குச் சுகர்."

"சுகர் எண்டா என்ன, அங்க சீனியில்லாத பிளேன்டீ கேட்டிருப்பன்."

அவள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. சோற்றுக் கோப்பையைக் கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அதற்குப் பிறகு என் பகிடிக்கு அவள் சிரித்தது மரியாதைக்குத்தான். எனக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

யாழ்ப்பாணத்துக்குப் போன் லைன் கிடைத்த அன்று, என் மகளுக்கு, அதாவது உன் அம்மம்மாவுக்கு, சொல்ல ஒரு காரணம் தயாராக வைத்திருந்தேன். அதையே அக்கம்பக்கத்துக்கும் சொன்னேன். கீழ்வீட்டுக்காரி மூடிய தட்டில் புரியாணி கொண்டுவந்தாள். அவளுக்குப் பின்னால் படியில் ஒழுங்கைச் சனம் மூன்று நாலு பேர், என்னதான் நடந்தது என்று கேட்டு நின்றார்கள்.

"அண்டைக்குக் காலமை கரண்ட் போயிட்டுது," என்றேன். "அதாலதான் மெஷின் மறந்தது. பிள்ளையிலயும் பிழையில்லை, வேற ஆரிலயும் பிழையில்லை. கரண்ட் போனதுதான்."

ஞாயிறு காலை அதிகாரி கேள்வி கேட்ட நேரம் முழுக்கக் கீழ்வீட்டில் டீவியில் கிரிக்கெட் ஓடியது. ஒவ்வொரு பந்துக்கும் கை தட்டுவது தரைவழியாக எனக்குக் கேட்டது. கீழ்வீட்டுக்காரி தட்டின் மூடியைச் சரிசெய்தாள்.

"ஓ, எங்கட ஊட்டுலயும் கரண்ட் பெய்த்து தானே," என்று சொல்லித் தட்டை என் கையில் வைத்தாள்.

படியில் நின்றவர்களும் ஓம், போனதுதான் என்றார்கள்.