சாவியை விடாத கை

ஆயா வேலையில் தூக்குவதும் துடைப்பதும் பழகிவிடும், நெஞ்சு பதைப்பது மட்டும் பழகாது. இதே வேலையில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததா?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அடையாறில் ஒரு சிறப்புப் பள்ளியில் நான் சேர்ந்த அன்றே பிசியோதெரபி சரளா டீச்சர் சொன்னார்: "மூளை முடக்குவாதம் இருக்கறவங்களுக்கு சந்தோஷமோ பயமோ, எது வந்தாலும் உடம்பு முறுக்கிக்கும். அதட்டினா இன்னும் முறுக்கும்." தலையாட்டினேன். புரிந்தது செல்வி விஷயத்தில்தான்.

செல்வி எங்களிடம் படித்து வளர்ந்த பெண். கேட்ட இடமெல்லாம் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் மயிலாப்பூரில் ஒரு எஸ்டிடி பூத் முதலாளி, போன் பேச வருகிறவர்களுக்கு நம்பர் போட்டுக் கொடுக்கும் வேலைக்கு நேரில் வரச் சொன்னார்.

புதுச் சுடிதார்

கிளம்ப வேண்டிய அன்று சந்தோஷத்தில் அவள் கை விறைத்து, புதுச் சட்டைக்குள் நுழையவே இல்லை. நேரமாகிறதே என்று நான் பறக்க, முழங்கை இன்னும் இறுகியது. "கற்பகாம்பாளே, சீக்கிரம் இவளைத் தளர விடு தாயே" என்று வாய்விட்டு வேண்டினேன்.

செல்வி இழுத்து இழுத்துச் சொன்னாள்: "அம்மனையும்... அவசரப்படுத்தாதீங்க ஆயாம்மா."

ஆட்டோ

லஸ் முனையில் பஸ் ஹாரன் அலறியதும் செல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆட்டோக்காரர் வலிப்பு என்று நினைத்து வண்டியை நிறுத்தினார். இரும்பு கொடுத்தால் நிற்கும் என்று சாவிக்கொத்தை உருவி அவள் உள்ளங்கையில் திணித்தார். "வலிப்பு இல்லைங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் விரல்கள் பூட்டிக்கொண்டன.

சாவி இல்லாமல் வண்டி எப்படிக் கிளம்பும்? அவர் இழுக்க இழுக்கப் பிடி இறுகியது. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். ஒவ்வொன்றுக்கும் அவள் துள்ளினாள். நான் ஆட்டோக்காரர் பக்கம் திரும்பினேன். "சாவியைக் கேட்காதீங்க, அந்தப் பக்கம் பாருங்க" என்றேன். அவர் திரும்பி நின்றார். கொஞ்ச நேரத்தில் சாவி தானாக விழுந்தது.

குனிந்து எடுத்தவர் சொன்னார்: "இன்னா புடி தங்கச்சி. உன்னாண்ட லாக்கர் சாவி குட்தா எவனும் புடுங்க முடியாது."

பூத்

முதலாளி திருநெல்வேலிக்காரர். "ஏன் தாமதம்?" என்றதும் செல்விக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. "என்ன சிரிப்பாணி வேண்டிக்கிடக்கு?" என்று அவர் முகம் கறுத்தது. வேலை போச்சு என்றே நினைத்தேன். "ஐயா, பயந்தா அவளுக்குச் சிரிப்பு வரும். அவளே நினைச்சாலும் அடக்க முடியாது" என்றேன்.

அவர் நம்பினாரோ என்னவோ, ஒரு மதுரை நம்பரைக் கொடுத்துப் போடச் சொன்னார். அவள் விரல் முட்டியால் ஒவ்வொன்றாக அழுத்தினாள். வரிசையில் நின்ற ஒருவர் "சீக்கிரம்மா" என்றார். உடனே விரல் தவறியது. முதலாளி அவரைப் பார்த்தார். "நீரு சும்மா இரும்வே." மறுபடி போட்டாள். மதுரையில் மணி அடித்தது.

முதலாளி சொன்னார்: "திங்கக்கிழமை வா தாயீ. அவசரக்காரன் வேற பூத்துக்குப் போவட்டும்."

ஆக, அன்றைக்கு அதிகமாக விறைத்துப் போயிருந்தது செல்வி இல்லை, நான்தான். அதன் பிறகு அந்த பூத்துக்குப் போகிறவர்களிடமெல்லாம் சொல்வேன்: நம்பரை ஒரு தடவை சொல்லிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள்.