தோளில் மூன்று துளை

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுபவனுக்குத் தோள்தான் சொத்து. என் சொத்தை லிந்துலைத் தோட்டத்து மலையில் ஒரு மழைநாளில் நானே கெடுத்துக்கொண்டேன். சரிவில் வழுக்கியவன், பக்கத்திலிருந்த தேயிலைச் செடியை வலக்கையால் பிடித்துத் தொங்கினேன். செடி அசையவில்லை, தோள் அசைந்துவிட்டது. அன்றிலிருந்து கத்தியை ஓங்கும்போதெல்லாம் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம்.

சுளுக்கு எடுக்கிறவர் எண்ணெய் போட்டு இழுத்தார். சத்தம் கூடியதுதான் மிச்சம். கடைசியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், மூட்டுக்குழியைச் சுற்றியிருக்கும் வளையம் கிழிந்திருக்கிறது, சின்னத் துளை போட்டு கேமரா விட்டுத் தைக்கலாம் என்றார். திரும்பவும் கவ்வாத்து வெட்ட முடியுமா என்று சிங்களத்தில் கேட்டேன். முடியும், ஆனால் ஆறு மாதமாவது பொறுக்கவேண்டும் என்றார். பொறுமை எங்கள் பரம்பரையிலேயே கிடையாது என்பதை நான் சொல்லவில்லை.

ஆப்பரேஷன் முடிந்து தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தேன். எங்கள் பக்கம் நோயாளியைப் பார்க்க பிஸ்கட்டோடு வருகிறவர்கள் காயத்தையும் பார்க்காமல் போகமாட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா என் சட்டையை விலக்கிப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னா தம்பி, பெரிய ஆப்பரேசன்னாங்க! அட்டை கடிச்ச மாதிரி மூணு புள்ளிதான் இருக்கு. பிஸ்கட்ட திருப்பித் தந்துருங்க."

எனக்கே வெட்கமாகிவிட்டது. மூன்றாவது வாரம் தோல் மூடியதைப் பார்த்து, உள்ளேயும் ஆறியிருக்கும் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். கழுத்தில் மாட்டியிருந்த கைத்தொட்டிலைக் கழற்றிவிட்டு வேலிச் செடியில் கத்தியை ஒரே வீச்சு. கத்தி தண்ணீர்க் கானுக்குள் போனது. நான் வேலியோடு உட்கார்ந்துவிட்டேன்.

மனைவி ஓடிவந்தாள். "ஏங்க, டாக்டர் தச்சது என்னா சட்டை பட்டனா? பிஞ்சா நான் தச்சுக் குடுக்க?"

இருவரும் பஸ் ஏறி டாக்டரிடம் ஓடினோம். இனி கத்தியே பிடிக்க முடியாதோ என்று அவரிடம் கேட்டேன். அவர் என் கையை மெல்ல அசைத்துப் பார்த்தார். தையல் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. அதன்பிறகு அவர் என்னைத் திட்டிய சிங்களத்தில் பாதி எனக்குப் புதுசு.

அப்புறம்தான் பயிற்சி ஒழுங்காக நடந்தது. சுவரில் விரல்களை நண்டு மாதிரி மேலே நடத்தவேண்டும். எட்டிய இடத்தில் மனைவி கரிக்கோடு போடுவாள். பிஸ்கட்டைத் திருப்பிக் கேட்ட அக்காவே மேற்பார்வை: "இன்னும் ஒரு வெரக்கடை தம்பி, ஏமாத்தாதீங்க!" கோடுகள் இடுப்பில் தொடங்கி, காது தாண்டி, தலைக்கு மேல் போயின.

ஏழாம் மாதம், டாக்டர் சரி என்ற பிறகு, மலையில் முதல் செடியை வெட்டினேன். சத்தம் வருகிறதா என்று காதைச் சாய்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னாப்பா, செடிகிட்ட ரகசியமா கேக்குற?" என்றார் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா.

சத்தமே இல்லை. அடுத்த செடிக்குப் போனேன்.

இப்போது முழு நாளும் வெட்டுகிறேன். முதுகுப் பக்கம் மட்டும் கை முழுதாகப் போவதில்லை. அதற்கும் ஒரு பயிற்சி இருக்கிறது, செய்தால் மெல்ல வரலாம் என்கிறார் டாக்டர். "மலையே வெட்டுற கைக்கு முதுகு சொறிய வராதோ?" என்று மனைவிதான் திட்டிக்கொண்டே சொறிந்துவிடுகிறாள். அந்த ஒரு பயிற்சியை மட்டும் நான் அவ்வளவு அவசரமாகச் செய்வதில்லை.