என் நம்பர் யார் பேரில்

போன வருஷம் ஆடி மாசம் எங்கள் வீட்டில் போன் செலவைக் குறைக்கும் இயக்கம் ஒன்று ஆரம்பமானது. ஆரம்பித்தவன் என் கொழுந்தன். தென்காசி வீட்டில் அத்தை, அவன், நான் என்று மூன்று பேர். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில். லீவுக்கு வரும்போது போட்டுக்கொள்வதற்காக அவர் உயிரோடு வைத்திருக்கும் இந்திய நம்பரையும் சேர்த்தால் நாலு. நாலுக்கும் நாலு தேதியில் ரீசார்ஜ் தீரும். ஊருக்கெல்லாம் மாசத்துக்கு முப்பது நாள் என்றால் இந்தக் கம்பெனிகளுக்கு மட்டும் இருபத்தெட்டிலேயே மாசம் முடிந்துவிடும். அதனால் வீட்டில் எப்போதும் யாராவது ஒருவர் "எனக்கு அவுட்கோயிங் போக மாட்டேங்கு" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்போம்.

நாலு நம்பருக்கும் சேர்த்து ஒரே பில் வரும் ஃபேமிலி பிளான் இருக்கிறது என்று கொழுந்தன் கண்டுபிடித்தான். அத்தைக்கு ஒரு கம்பெனி, அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று மூன்று கம்பெனியும் வீட்டிலேயே இருந்ததால் ஒப்பிட்டுப் பார்ப்பது சுலபம். மூன்று போனையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் ஊர் ஊராகப் போய் டவர் எடுக்கிறதா என்று பார்த்தான். பண்பொழி மலைக்கோயில் படியில் அத்தையின் போன் ஊமையாகிவிட்டது. செங்கோட்டை தாண்டியதும் அவனுடைய சொந்தப் போனுக்கே 'கேரளாவுக்கு நல்வரவு' என்று மெசேஜ் வந்தது. அதை அவன் துரோகமாக எடுத்துக்கொண்டான். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி வயல் முன்னால் நின்று படம் எடுத்த கூட்டம் அத்தனையும் ஒரே நேரத்தில் வீடியோ அனுப்ப, அங்கே தாக்குப்பிடித்தது என் கம்பெனி ஒன்றுதான். விலையிலும் அதுதான் குறைவு. அத்தைக்கு இருந்தது ஒரே நிபந்தனை. "சீரியல் நடுவுல அந்த வட்டம் சுத்தப்பிடாது. எனக்கு அம்புட்டுத்தான்" என்றாள்.

என் கம்பெனி ஜெயித்ததில் எனக்கு என்னவோ அதை நானே தொடங்கி நடத்துவது மாதிரி பெருமை. அதற்குக் காரணம் உண்டு. குற்றாலத்தில் என் அப்பா கட்டிய வீட்டின் மாடி அறைகளை சீசனுக்கு வாடகைக்கு விடுகிறோம். அப்பா போனபிறகு அதை நடத்துவது நான். கேட்டுக்கு மேலே போர்டில் இருப்பது என் நம்பர். மதுரை, சிவகாசி, ராஜபாளையம் என்று வருஷாவருஷம் வருகிற குடும்பங்களின் போனில் நான் 'குத்தாலம் ரூம்'. ரூம் வேண்டாதவர்கள்கூட "அக்கா, மெயின் ஃபால்ஸ்ல தண்ணி விழுதா?" என்று கேட்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் அருவிக்குச் சொந்தக்காரி மாதிரி பதில் சொல்வேன். அந்த நம்பர் போனால் ரூமும் போச்சு, என் கையில் புழங்குகிற காசும் போச்சு.

அத்தையும் நாங்களுமாக ஒரு ஆட்டோ பிடித்து என் கம்பெனியின் ஷோரூமுக்குப் போனோம். உள்ளே ஏசி. டேப்லெட்டை வைத்துக்கொண்டு ஒரு பெண் சிரித்த முகமாக உட்காரச் சொன்னாள்.

"மெயின் நம்பர் எது அக்கா? அது யார் பேர்ல இருக்கோ அவங்க பேர்லதான் பில் வரும்."

"என்னுதுதான் மெயின்" என்றேன். கொழுந்தன் மறுக்கவில்லை, பழைய கஸ்டமர் நான்தானே. நம்பரைச் சொன்னேன், ஆதாரைக் கொடுத்தேன். அவள் தட்டினாள். புருவத்தைச் சுருக்கினாள். மறுபடி தட்டினாள்.

"அக்கா, பேரு ஒத்துப் போகலியே. இது வேற ஆள் பேர்ல இருக்கு."

"வேற யாரு பேர்ல?"

அவள் திரையைப் பார்த்துப் படித்தது என் வீட்டுக்காரர் பெயரை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது காலேஜில் சேர்ந்த வருஷம் நான் வாங்கிய நம்பர். என் போட்டோவை ஒட்டி, நானே கையெழுத்துப் போட்டு வாங்கியது. கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறியது, வீடு மாறியது, ரேஷன் கார்டு மாறியது. நம்பர் ஒன்றுதான் மாறவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். "நல்லாப் பாரும்மா, தப்பா இருக்கும்" என்றேன். அவள் பாவம், மூன்றாம் தடவையும் பார்த்தாள்.

"அண்ணன் பேர்லதான மதினி இருக்கு, அன்னியாள் பேர்லயா இருக்கு?" என்றான் கொழுந்தன், பெரிய ஆறுதல் மாதிரி. "வேலை சுலபமாப் போச்சு. அண்ணன் பேர்லயே பிளானைப் போட்டுருவோம். ஓடிபி உங்க போனுக்குத்தான் வரும், அதைச் சொன்னா முடிஞ்சுது."

"அவங்க இல்லாமலா?" என்று நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "சரி, என் பேருக்கு மாத்தணும்னா?"

"அதுக்கு சார் நேர்ல வரணும்க்கா. அவங்க விரல் வைக்கணும். இப்போதைக்கு ரெக்கார்டுபடி நம்பர் அவங்களுதுதான். அவங்க வேண்டாம்னு எழுதிக் குடுத்தா கட்டாயிரும். நீங்க வந்து கேட்டா எங்களால ஒண்ணும் செய்ய முடியாது." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து அவளே பயந்துவிட்டாள் போல. "நிறைய அக்காமாருக்கு இப்படித்தான் இருக்கு. என்னுதே எங்க அண்ணன் பேர்லதான்" என்றாள் மெதுவாக.

அப்போதுதான் எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. எல்லோரும் போன் நம்பரோடு ஆதாரை இணைக்க வேண்டும், இல்லையென்றால் கட்டாகிவிடும் என்று மெசேஜ் மேல் மெசேஜ் வந்து பயமுறுத்திய காலம். அவர் லீவில் வந்திருந்தார். குற்றாலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் குடையை விரித்து ஒருவர் மிஷினோடு உட்கார்ந்திருந்தார். சாரலில் நனைந்துகொண்டே வரிசை. நான் காலையில்தான் மாடி பாத்ரூம்களை எல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிட்டு வந்திருந்தேன். விரல் நுனியெல்லாம் வெந்து வழுவழுவென்று இருந்தது. கட்டைவிரலை வைத்தேன், பதியவில்லை. சேலையில் துடைத்து வைத்தேன், பதியவில்லை. மிஷின்காரர் வேறு விரலை வைக்கச் சொன்னார், அதுவும் இல்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "விடுங்கண்ணாச்சி, என் ஆதாரைப் போட்டு என் விரலை வைக்கேன்" என்று என் வீட்டுக்காரர் வைத்தார். உடனே பதிந்துவிட்டது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. நேரே போய் புரோட்டா சாப்பிட்டோம்.

அன்றைக்கு நான் நன்றியோடு சாப்பிட்டேன் என்பதை நினைத்தபோதுதான் ஷோரூமில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருஷம் போர்டு எழுதி, ரூம் விட்டு, தண்ணி விழுகிறது விழவில்லை என்று ஊருக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தது இன்னொருத்தர் நம்பரில். யாரும் ஏமாற்றவில்லை, யாரும் பறிக்கவில்லை. என் கண் முன்னாலேயே, நான் பக்கத்தில் நிற்கும்போதே போயிருக்கிறது. களவு என்றாலாவது கத்தியிருக்கலாம்.

என் கையில் போன் கிணுங்கென்றது. கொழுந்தன் பேச்சைக் கேட்டு அந்தப் பெண் தட்டியிருக்கிறாள், ஓடிபி வந்துவிட்டது. கொழுந்தன், அத்தை, அந்தப் பெண் மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். நான் போனை ஹேண்ட்பேக்கில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

"பிளான் அப்புறம் பாத்துக்கிடலாம். வாங்க அத்தை" என்று எழுந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கொழுந்தன் மஸ்கட்டுக்கு வீடியோ கால் போட்டு, மதினி சின்ன விஷயத்துக்குக் கோவிச்சுக்கிட்டாங்க என்று பிராது வைத்தான். இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இரண்டாவது அதிர்ச்சி.

"யாரு பேர்ல இருந்தா என்னட்டி? நீ வேற நான் வேறயா?"

"வேற இல்லல்லா? அப்ப உங்க இந்தியா நம்பரை என் பேர்ல மாத்திக்கிடுவோம்" என்றேன்.

"அது எப்படி?" என்று உடனே கேட்டார். யோசிக்கக்கூட இல்லை. "பேங்க் மெசேஜ் பூராவும் அதுலதான வருது. பாஸ்போர்ட்டுக்கு அதைத்தான் குடுத்திருக்கேன். ஊர்ல எல்லாருக்கும் அந்த நம்பர்தான் தெரியும். நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா, என் நம்பருக்கு நான் உன் பின்னால வந்து நிக்கவா?"

சொல்லி முடித்த பிறகு திரையில் அவர் வாய் பாதி திறந்தபடி இருந்தது. நெட்தான் நின்றுவிட்டதோ என்று கொழுந்தன் போனைத் தட்டிப் பார்த்தான். நெட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அத்தை முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே, "அவ கேட்டதுக்கு நீயே பதிலும் சொல்லிட்டியேலே" என்றாள். கல்யாணமான நாளில் இருந்து அத்தை என் பக்கம் பேசி நான் கேட்டதில்லை. அதிர்ச்சிக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று இருந்தது.

"சரி, சரி. லீவுக்கு வந்ததும் மாத்தித் தாரேன்" என்று வைத்துவிட்டார்.

அதுவரை நான் நிம்மதியாக இல்லை. அவர் என் நம்பரைக் கட் செய்துவிடுவார் என்ற பயம் இல்லை, அப்படிப்பட்டவர் இல்லை. ஆனால் அங்கே வேலைக்கு நடுவில் அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் என் நம்பரும் அவரோடு சேர்ந்து போய்விடுமே என்று ஒரு நாள் நினைத்தேன். புருஷனுக்கு ஆபத்து என்று நினைக்கும்போது நம்பருக்குப் பயப்படுகிறோமே என்று எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பயம் போகவில்லை. காலையில் எழுந்ததும் டவர் கோடு நிற்கிறதா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

ஐப்பசியில் வந்தார். சொன்ன சொல் தவறவில்லை. மறுநாளே ஷோரூமுக்கு வந்து விரல் வைத்தார். நானும் வைத்தேன். அதற்கு முந்தின வாரம் மாடி பாத்ரூம்களைத் தேய்க்கவே நான் போகவில்லை, அதனால் முதல் தடவையிலேயே பதிந்தது. நம்பர் என் பேருக்கு வந்தது. நாலு நம்பரும் ஒரே பில்லுக்கு வந்தன, அதுவும் என் பேரில். அத்தைக்கு சீரியல் சுற்றாமல் ஓடியது. நான் நன்றாக மூச்சு விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். பந்தியில் மஸ்கட் கதையெல்லாம் பேசி முடித்த பிறகு அவர் என்னைக் காட்டி, "இந்தத் தடவை இவளுக்கு என்ன வாங்கிட்டு வந்தேன்னு கேளுங்க. என் நம்பர் ஒண்ணை இவ பேருக்கே எழுதிக் குடுத்துட்டேன்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. மனசாரப் பெருமையாகச் சொன்னார். ரச வாளியோடு நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

அவருடைய பெரியம்மா எட்டி என் கையைப் பிடித்தாள். "எந்தப் புருஷன்ட்டி தன் நம்பரைப் பொண்டாட்டிக்கு எழுதிக் குடுப்பான்? நீ குடுத்து வச்சவ."