காகத்துக்கு வைத்த சோறு

சுவிஸில் ஓல்டனைத் தாண்டி ரயில் போகும்போது நான் முன்பு வேலை செய்த களஞ்சியத்தின் புல்வெளி தெரியும். நான் இப்போதும் அந்தப் பக்கச் சன்னலில் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் வாய்க்கு வந்தபடி திட்டத் தொடங்கிவிடுவேன். பக்கத்தில் இருப்பவர்கள் எழும்பி வேறு பெட்டிக்குப் போவார்கள்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லோசானில் மருத்துவமனைத் தரை துடைத்தேன். எங்கடினில் ஹோட்டல்களில் கோப்பை கழுவினேன். எந்த இடத்திலும் வேர் விட்டதில்லை. ஓல்டனில் கிடைத்தது வெளிவேலை: களஞ்சியத்தைச் சுற்றியுள்ள பாதையையும் புல்வெளியையும் மழைநீர்க் குளத்தையும் துப்புரவாக வைத்திருப்பது. உள்ளே அலுவலகங்களைத் துடைத்தவர் மட்டக்களப்பைச் சேர்ந்த ஒரு அக்கா. எங்கள் இருவருக்கும் மேலே ஒரு மேற்பார்வையாளர். யாழ்ப்பாணத்தவர். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டேன்.

அந்த வசந்தத்தில் சாம்பல் நிறக் காட்டு வாத்துகள் வந்து இறங்கின. தின்பதும் கழிப்பதும்தான் அவற்றின் முழுநேர வேலை. காலையில் நான் பாதையைக் கழுவினால் மத்தியானம் மறுபடி எச்சத்தால் பச்சையாகக் கிடக்கும். கிட்டப் போனால் கழுத்தை நீட்டிச் சீறும். ஆனாலும் அவற்றோடு எனக்குக் கோபமில்லை. புல்லும் தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைத்தன, இறங்கின. நானும் அப்படித்தான் ஊர் ஊராக இறங்கியவன்.

ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர் எச்சத்தில் வழுக்கி, வெளிர் நிறக் காற்சட்டையோடு அப்படியே அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் கட்டட நிர்வாகி பறவைகளைப் பற்றித் தெரிந்த ஒரு பெண்ணை அழைத்தார். லொறிகள் ஓடாத சனிக்கிழமையாகப் பார்த்து அவர் வந்தார். நல்ல மனுசி, அதைச் சொல்லத்தான் வேண்டும். றப்பர் சப்பாத்தோடு குளத்தைச் சுற்றி நடந்து, நாணலுக்குள் ஒரு கூட்டைக் கண்டுபிடித்தார். அடிக்கக் கூடாது, முட்டையைத் தொடக் கூடாது, குஞ்சு வரும்வரை அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது என்றார். புல்லை வெட்டாமல் உயர விட்டு, கரையில் புதர் வையுங்கள். நரி ஒளிந்திருந்தால் தெரியாத இடத்தில் இவை தங்காது, தாமாகவே ஆற்றுக்குப் போய்விடும் என்றார். அண்ணையும் நானும் பின்னால் நிற்க, நிர்வாகி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

நாங்கள் நால்வரும் திரும்பி வரும் வழியில், சைக்கிள் கொட்டிலுக்குப் பின்னால் இருந்த தாழ்ந்த சுவரில் ஒரு கவளம் சோறு இருந்தது. எள்ளும் நெய்யும் கலந்த சோறு. இரண்டு வாத்துகள் அதைக் கொத்திக்கொண்டு நின்றன.

யாருடையது என்று எனக்குத் தெரியும். கணவர் பக்கவாதத்தில் விழுந்த நாளிலிருந்து அக்கா சனி விரதம் பிடிக்கிறார். காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவார். வீட்டு பல்கனியில் வைத்தால் கீழ்வீட்டுக்காரி முறையிடுகிறாள் என்று வேலையிடத்துக்குக் கொண்டுவந்தார்.

அண்ணை அவரைக் கூப்பிட்டார். அக்கா ஒளிக்கவில்லை.

“ஓம், நான்தான் வைச்சனான். சனிக்கு விரதம். காகம் எடுக்காமல் நான் ஒரு வாய் வைக்கமாட்டன். கொட்டில் கூரையில வைக்கத்தான் விருப்பம், இந்தத் தோள் மேல எழும்பாது. வாத்து வந்து தின்னும் எண்டு ஆர் கண்டது?”

அண்ணை நிர்வாகியின் பக்கம் திரும்பி, அழகான ஜெர்மனில் சொன்னார்: “மிஞ்சின பழைய சாப்பாடு. குப்பைத்தொட்டி வரை நடக்கப் பஞ்சி, அவ்வளவு சோம்பல். பலமுறை சொல்லிவிட்டேன்.”

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. என் ஜெர்மன் சமையலறையிலும் லொறித் தளத்திலும் பொறுக்கியது. வினைச்சொல் எங்கே விழும் என்று எனக்கே தெரியாது. இருந்தும் சொன்னேன். குப்பை இல்லை, கும்பிடுகிற விசயம், கணவர் சுகமில்லாதவர், காகத்துக்கு.

பறவைக்காரப் பெண் சிரித்தார். “அப்படியென்றால் உயரத்தில் வைக்கட்டும். காகம் வரும், வாத்து ஏறாது. எப்படியும் இவை வந்தது புல்லுக்கு, இந்தச் சோற்றுக்கு இல்லை.”

ஏணி வைத்து நானே கூரையில் வைக்கிறேன் என்றேன். நிர்வாகி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மதமெல்லாம் வீட்டில் இருக்கட்டும் என்றார்.

அடுத்த கிழமை அக்காவை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். விடியுமுன் தொடங்கும் வேலை, இரண்டு ரயில் மாற வேண்டும். காலையில் கணவரைத் தூக்கி இருத்தி, கழுவி, உடுப்பு மாற்றிவிட வேண்டிய மனுசி எப்படிப் போவார்? வேலையை விட்டார். விடுவார் என்று தெரிந்துதான் மாற்றினார்கள்.

நான் அண்ணையைப் பிடித்துக் கேட்டேன்.

“நீயேன்டா வாய் வைச்சனீ?” என்று பாய்ந்தார். “பழைய சோறு எண்டால் ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சிருக்கும். மதம் எண்டு உன்ர எட்டாம் வகுப்பு ஜெர்மனில அவிழ்த்துவிட்டாய், அந்தாள் வெருண்டிட்டான். உவங்களுக்குச் சனியும் காகமும் விளங்குமோ?”

“அவ பஞ்சி பிடிச்சவ எண்டு சொல்ல உங்களுக்கு எப்பிடி அண்ணை நாக்கு எழும்பினது?”

“ஒராளின்ர பஞ்சி எண்டு முடிச்சால், எங்கட சனம் முழுக்க ஊத்தையர் எண்டு நினைக்கமாட்டாங்கள் எண்டுதான் சொன்னனான்.”

அவர் சொன்னது ஒருவேளை சரியாகவும் இருக்கலாம். நான் பேசாமல் நின்றிருந்தால் அக்காவுக்கு வேலை மிஞ்சியிருக்கலாம். அதை நினைக்கும்போது கோபம் இரண்டு மடங்காகிறது.

கூட்டைச் சுற்றி நாடா கட்டியவன் நான்தான். மெதுவாக நடக்கும்படி ஒரு பலகையும் நட்டேன். குஞ்சு வரும்வரை பாரந்தூக்கி வண்டிகள் கட்டடத்தைச் சுற்றிப் போயின, ஒருவரும் முணுமுணுக்கவில்லை. புல் முழங்காலுக்கு வளர்ந்தது. வாத்துகள் குஞ்சுகளோடு ஆற்றுக்கு நடந்து போயின. ஒன்றின் இறகும் உதிரவில்லை. அது சரியான வேலை, சரியாகவே செய்தார்கள். இவர்களுக்குப் பொறுமை இல்லை என்று யாரும் என்னிடம் சொல்லக் கூடாது. பொறுமை இருந்தது. அக்காவுக்கென்று எடுத்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

புரட்டாசிச் சனிக்குக் கோயிலுக்குப் போனேன். எள்ளெண்ணெய் மணம், நீண்ட வரிசை. அக்கா வரவில்லை, கணவரைப் பார்த்துக்கொள்ள இப்போது ஆளில்லை என்றார்கள். அன்னதானத்துக்கு முன் வெளிச்சுவரில் காகத்துக்குச் சோறு வைக்க ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அண்ணைதான். இரண்டு கையாலும் பக்தியாக வைத்து, “கா, கா” என்று கூப்பிட்டார்.

நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“குப்பைத்தொட்டி அங்கால கிடக்கு அண்ணை,” என்றேன். “நடக்கப் பஞ்சியோ?”

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் செத்துப்போனது. காகம் வந்ததா என்று பார்க்க நான் நிற்கவில்லை. சாப்பிடாமலே ஸ்டேசனுக்கு நடந்தேன். ஓல்டன் வேலையை விட்டுவிட்டு, அடுத்த கிழமை எங்கடினில் மறுபடி கோப்பை கழுவினேன்.