தண்ணீர் ஊற்றிய சோறும் கடைச் சாவியும்

1. கட்டடக்காரர் போட்ட நிபந்தனை

துபாயில் பதினோரு வருஷம் ஹோட்டல் கிச்சனில் வோக் என்கிற சீன வாணலி பிடித்தவன் நான். லீவில் பாபநாசம் வந்தபோது என் மூன்று வயது மகள் என்னை 'அங்கிள்' என்று கூப்பிட்டாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இனி திரும்பிப் போவதில்லை என்று.

எஸ்.டி.டி. பூத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை காலியாக இருந்தது. கட்டடக்காரர் கோவிந்தராஜுவிடம் போய் ஃப்ரைடு ரைஸ் கடை போட வேண்டும் என்றேன்.

"கும்பகோணத்துல தின்னுருக்கேன் தம்பி, வெறும் எண்ணெய்ச் சோறு. ஞாயித்துக்கெழம மத்தியானம் ஒங்க வீட்டுக்கு வரேன். செஞ்சு போடுங்க. நல்லாருந்தா சாவி."

லீவு முடிய எட்டு நாள்தான் இருந்தது. "கடை கெடைக்கலேன்னா?" என்று மனைவி ஸ்டெல்லா கேட்டாள். "ஃபிளைட்டுதான்" என்றேன்.

2. அக்கா செய்த உதவி

ஃப்ரைடு ரைஸுக்குச் சோறு ஆறி, உலர்ந்து, உதிரியாக இருக்க வேண்டும். அதனால் சனிக்கிழமை சாயங்காலமே வடித்துத் தாம்பாளங்களில் பரப்பி வைத்தேன். காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் தாம்பாளங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. குடவாசலிலிருந்து வந்திருந்த என் அக்கா பெருமையாகச் சொன்னாள்:

"இவ்ளோ சோத்த மீத்து வெச்சிருக்கியே தம்பி! கெட்டுப்போயிடுமேன்னு பானையில அள்ளிப் போட்டு தண்ணி ஊத்திட்டேன்."

எங்கள் ஊரில் மீந்த சோற்றைக் கண்டால் எந்தக் கையும் அதைத்தான் செய்யும். இருந்தும் அக்காவைப் பார்த்துக் கத்தினேன். அது தப்பு. அவள் முகம் சுருங்கிப்போனது இன்றும் உறுத்துகிறது.

"கத்துனா சோறு காஞ்சிடுமா? ஒல வைங்க" என்றாள் ஸ்டெல்லா.

வைத்தேன். பழைய பச்சரிசி. பருக்கையை நசுக்கினால் நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரிகிற பதத்தில் வடித்தேன். துவைத்த வேட்டியை விரித்துச் சோற்றைப் பரப்பி டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டேன். ஃபேன் பக்கத்திலேயே அக்கா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு ஈயைக்கூட அண்டவிடவில்லை. ஸ்டெல்லா கேரட்டையும் பீன்ஸையும் நான் சொன்னதைவிடப் பொடியாக நறுக்கினாள்.

வீட்டு கேஸ் அடுப்பின் தீ இதற்குப் போதாது. கொல்லையில் செங்கல் அடுக்கி, தென்னைமட்டை எரித்து, இரும்புச் சட்டியைப் புகை வரும்வரை காய வைத்தேன். முதலில் முட்டை, பிறகு மிளகில் புரட்டிய கோழி, காய், கடைசியில் சோறு. ஒரு தடவைக்கு இரண்டு பிளேட்தான் போட்டேன். சட்டி நிறையப் போட்டிருந்தால் சோறு வதங்காது, வெந்துவிடும்.

3. சாவி

கோவிந்தராஜு முதல் வாயை மென்றுவிட்டு, விரலால் பருக்கைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். இரண்டாம் பிளேட் கேட்டார். கை கழுவி வந்து, "எப்ப தொறக்கறீங்க மாஸ்டர்?" என்றார்.

இப்போது என் கடைக் கிச்சனுக்கு வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: சோறு எதற்கு ஆறுகிறது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வை. சொல்லாமல் விட்டது உன் தப்பு. தப்பு நடந்தால் மறுபடி உலை வை.

அன்று சாயங்காலம் ஸ்டெல்லா என் பாஸ்போர்ட்டை எடுத்துப் பீரோவின் அடித்தட்டில், புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

"பீரோ சாவி எங்கே வெக்கிற?" என்று கேட்டேன்.

"ஒங்களுக்குத்தான் கடைச் சாவி இருக்கே" என்றாள்.